பழைய வேலையின் பி.எஃப். பணம்: எடுப்பதா, புதிய கணக்குக்கு மாற்றுவதா?

ஆரப்பாளையத்தான்
8 நவம்பர் 2025, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஒரு முடிவெடுக்க முடியாமல் இரண்டு வாரமாகத் தவிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எனக்கு வயது 36. 2012 ஆகஸ்டு முதல் 2017 பிப்ரவரி வரை ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தேன். 2017 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை சென்னையில் வேறொரு நிறுவனம். அதன் பிறகு அப்பாவின் உடல்நிலை காரணமாக மதுரைக்கே வந்து, அவருடைய பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டேன். இந்த ஜூன் மாதம் கப்பலூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன்.

ஓசூர் கணக்கில் ஏறத்தாழ 1,58,000 ரூபாய், சென்னைக் கணக்கில் 2,41,000 ரூபாய் இருக்கிறது. இரண்டும் ஒரே யூ.ஏ.என். எண்ணின் (நிறுவனம் மாறினாலும் ஒருவருக்கு மாறாத பி.எஃப். எண்) கீழ்தான் உள்ளன. இரண்டையும் எடுத்து நகைக் கடனை அடைத்துவிடச் சொல்கிறார் மச்சான். மனைவி வேண்டாம் என்கிறாள். புதிய கணக்குக்கு மாற்றலாம் என்று ஆன்லைனில் இரண்டு முறை விண்ணப்பித்தேன். ஒரு முறை பெயர் பொருந்தவில்லை என்றும், ஒரு முறை வெளியேறிய தேதி இல்லை என்றும் திருப்பிவிட்டார்கள்.

இவ்வளவு அலைச்சல் பட்டு மாற்றித்தான் ஆக வேண்டுமா? எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

மேலூர்ப் பாண்டியன்
8 நவம்பர் 2025, இரவு 10.15

எடுத்துவிடுங்கள் சகோதரரே. 2019இல் நான் எடுத்தேன். வெளியில் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பி.எஃப். பணம் வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன். அன்று இரவுதான் என் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டோம். அறுபது வயதில் கிடைக்கப்போகும் பணத்துக்காக இன்றைக்குக் குடும்பத்தை வட்டியில் வைத்திருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

செல்லூர்க் கணக்கர்
9 நவம்பர் 2025, காலை 6.20

தம்பி ஆரப்பாளையத்தான், நான் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பி.எஃப். படிவங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போயின. உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பி.எஃப். பணம் முழுவதையும் எடுக்கக் கொடுக்கும் படிவம் 19 வேலையில்லாமல் இருப்பவருக்கானது. நீங்கள் ஜூன் மாதமே பி.எஃப். பிடிக்கும் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டீர்கள். அப்படிச் சேர்ந்தவர் பழைய பணத்தை மாற்றத்தான் வேண்டும். "பழைய எண்ணில் போட்டு எடுத்துவிடலாம்" என்று கணினி மையங்களில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இரண்டாவது, வரி. ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணிக்கு முன் எடுத்தால் அந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் பான் எண் கொடுத்திருந்தாலும் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் தேதிகளைப் பாருங்கள். ஓசூரில் 4 ஆண்டு 7 மாதம். சென்னையிலும் 4 ஆண்டு 7 மாதம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஐந்தைத் தொடவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்த்துவிட்டால் 9 ஆண்டு 2 மாதம், வரியே கிடையாது. பணம் அதேதான், இடம் மாறினாலே இந்த வித்தியாசம்.

மூன்றாவதுதான் என் நெஞ்சில் தைப்பது. உங்கள் சம்பளத்தில் நீங்கள் 12 சதவீதம் செலுத்துகிறீர்கள். நிறுவனமும் 12 சதவீதம் செலுத்துகிறது. ஆனால் நிறுவனத்தின் பங்கு முழுவதும் உங்கள் பி.எஃப்.புக்கு வருவதில்லை. அதில் 8.33 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின்படி மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய், 1995 நவம்பரில் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அங்கே பணத்தை விட ஆண்டுகளுக்குத்தான் மதிப்பு. பத்து ஆண்டு பணி சேர்ந்தால் 58 வயதிலிருந்து சாகும்வரை மாத ஓய்வூதியம். உங்களுக்குப் பின் உங்கள் மனைவிக்கு அதில் பாதி. பத்து ஆகவில்லை என்றால் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் 9 ஆண்டு 2 மாதத்தில் நிற்கிறீர்கள், தம்பி. கப்பலூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதம். ஆறு மாதமும் அதற்கு மேலும் வரும் மிச்சத்தை ஓராண்டாக எடுத்துக்கொள்வது அந்தத் திட்டத்தின் விதி. மூன்று பணிகளையும் ஒன்றாகக் கோத்துவிட்டால் நீங்கள் வாசலைத் தாண்டியாகிவிட்டது. பழைய கணக்கோடு 10சி படிவமும் போட்டு ஓய்வூதியத் தொகையையும் எடுத்தால், ஒன்பது ஆண்டுகள் ஒரே கையெழுத்தில் போய்விடும்.

பாண்டியன் அவர்களே, உங்கள் நிலைமையில் நீங்கள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அதை அடைக்க எதை விற்றாலும் தகும். ஆனால் நகைக் கடன் அப்படிப்பட்டதா என்று தம்பி யோசிக்க வேண்டும். பி.எஃப்.புக்கு 2024-25இல் 8.25 சதவீதம் வட்டி. இதே விகிதம் நீடித்தால் இன்றைய நான்கு லட்சம் தம்பிக்கு 58 ஆகும்போது 22 லட்சத்தைத் தாண்டும்.

ஆரப்பாளையத்தான்
9 நவம்பர் 2025, காலை 8.05

ஐயா, கை நடுங்குகிறது. ஓய்வூதியம் என்று ஒன்று இருப்பதையே நான் கணக்கில் வைத்திருக்கவில்லை. பாஸ்புக்கில் மூன்றாவது பத்தியில் ஏதோ 1,250 என்று வரும், அது எனக்கு இல்லை என்றே நினைத்திருந்தேன்.

திருநகர் ஆசிரியை
9 நவம்பர் 2025, காலை 10.30

கணக்கர் ஐயா சொன்னது என் வாழ்க்கையில் நடந்தது. யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

1999 ஜூன் முதல் 2006 பிப்ரவரி வரை ஒரு தனியார் பள்ளியில் பணியாற்றினேன். மாமியார் பக்கவாதத்தில் படுத்ததும் வேலையை விட்டேன். அலுவலகத்தில் இரண்டு படிவங்களை நீட்டி, குறியிட்ட இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒன்று 19, மற்றது 10சி. இரண்டாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வந்த பணத்தில் ஒரு கிரைண்டரும் பின்னறைக்குக் கட்டிலும் வாங்கினோம். மீதி மருந்துக்குப் போயிற்று.

2017 ஜூனில் வேறு பள்ளியில் சேர்ந்தேன். இந்த மார்ச் மாதம் எனக்கு 58 முடிந்தது. 7 ஆண்டு 10 மாதம். ஓய்வூதியம் கிடையாது என்றார்கள். முன்பு செய்த 6 ஆண்டு 9 மாதத்தையும் சேர்த்திருந்தால் பதினான்கு ஆண்டு ஆகியிருக்கும். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மருந்துக் கடைக்குப் போகும்போது மகனிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பணம் அது.

அந்தக் கட்டில் இன்னும் பின்னறையில்தான் கிடக்கிறது.

செல்லூர்க் கணக்கர்
9 நவம்பர் 2025, முற்பகல் 11.10

அம்மா, படித்து மனம் கனத்துவிட்டது. உங்களுக்கு அன்றைக்கே ஒரு வழி இருந்தது. பத்து ஆண்டு ஆகாதவர்கள் அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். "இவர் இத்தனை ஆண்டு பணி செய்திருக்கிறார்" என்று எழுதிக் கொடுக்கும் தாள் அது. பத்து ஆண்டு கழித்து வேலைக்குப் போனாலும் அதைக் கொடுத்தால் பழைய ஆண்டுகள் சேர்ந்துகொள்ளும். வீட்டு நிலைமைக்காக வேலையை விட்டுவிட்டு, திரும்பப் போவோமா என்று தெரியாமல் நிற்கும் பெண்களுக்கு அதை விட நல்லது எதுவும் இல்லை. படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். அந்தக் கட்டத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியது என்னைப் போன்ற கணக்குப் பிரிவு ஆட்களின் கடமை. பல இடங்களில் அதைச் செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2014 செப்டம்பர் முதல், அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர் புதிதாகச் சேர்ந்தால் அவருக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது. அதற்கு முன்பே உறுப்பினராக இருந்து தொகையை எடுக்காதவர்கள் தொடரலாம். எடுத்துவிட்டவர் மறுபடி பெரிய சம்பளத்தில் சேர்ந்தால் கதவு மூடியிருக்கும். எனவே தம்பி, இன்றே உங்கள் கப்பலூர் பாஸ்புக்கைத் திறந்து ஓய்வூதியப் பத்தியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சேரும்போது கொடுக்கும் 11ஆம் படிவத்தில் "முன்பு ஓய்வூதியத் திட்ட உறுப்பினராக இருந்தீர்களா" என்ற கேள்விக்கு என்ன எழுதினீர்கள்?

ஆரப்பாளையத்தான்
9 நவம்பர் 2025, பிற்பகல் 1.45

பார்த்தேன் ஐயா. ஐந்து மாதமும் பூஜ்யம். என் அடிப்படைச் சம்பளம் 19,000. 11ஆம் படிவத்தை எச்.ஆர். பிரிவில் அவர்களே நிரப்பிக் கொடுத்தார்கள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். இப்போது என்ன செய்வது?

செல்லூர்க் கணக்கர்
9 நவம்பர் 2025, பிற்பகல் 2.20

பயப்பட வேண்டாம். இதற்குத்தான் பார்க்கச் சொன்னேன். உங்களைப் புதியவர் என்று பதிந்திருக்கிறார்கள். ஓசூர், சென்னைப் பாஸ்புக்குகளை அச்செடுத்து, ஓய்வூதியப் பங்கு போயிருக்கும் பக்கங்களில் கோடிட்டு, நிறுவனத்துக்கு எழுத்தாக ஒரு மனுக் கொடுங்கள். அவர்கள் பி.எஃப். அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, இந்த ஐந்து மாதத்துக்கான பங்கை ஓய்வூதியத்துக்குத் திருப்ப வேண்டும். அதுவரை உங்கள் கணக்கு 9 ஆண்டு 2 மாதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வாசலைத் தாண்டியாகிவிட்டது என்று சொன்னேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

வில்லாபுரம்
9 நவம்பர் 2025, இரவு 8.30

நான் ஒரு நிறுவனத்தில் எச்.ஆர். பிரிவில் பணியாற்றுகிறேன். ஆரப்பாளையத்தான் கேட்ட இரண்டு மறுப்புகளுக்கும் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வெளியேறிய தேதி எளிது. முன்பு நிறுவனம்தான் போட வேண்டும். 2020 முதல் உறுப்பினரே போடலாம். கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கடந்திருந்தால் போதும். பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் உள்நுழைந்து, பழைய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் ஒரு தேதியைக் கொடுத்து, ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை இட்டால் முடிந்தது. தேதியைச் சரியாகப் போடுங்கள். அடுத்த வேலையில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டு பணிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதை மட்டும் காரணமாகக் காட்டி மாற்றலை மறுக்கக் கூடாது என்று 2025 மே மாதம் சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆனாலும் வீண் கேள்விகளை ஏன் வரவழைக்க வேண்டும்?

பெயர்தான் பெரிய தலைவலி. நம் ஊர்ப் பெயர்களின் அமைப்பு அப்படி. உங்கள் பெயர் மூன்று இடங்களிலும் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆரப்பாளையத்தான்
9 நவம்பர் 2025, இரவு 9.00

ஓசூரில் இனிஷியல் முன்னால், புள்ளியோடு. சென்னையில் இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டார்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், புள்ளி இல்லாமல். பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

வில்லாபுரம்
9 நவம்பர் 2025, இரவு 9.25

நான் நினைத்ததுதான். நமக்கு இனிஷியல் என்பது அப்பாவின் பெயர். கணினிக்கு அது குடும்பப் பெயர். ஒருவர் முன்னால் வைப்பார், ஒருவர் பின்னால் வைப்பார், ஒருவர் விரிப்பார். பார்க்கும் மனிதருக்கு மூன்றும் ஒரே ஆள், இயந்திரத்துக்கு மூன்று ஆட்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தச் சிக்கலோடு என் மேசைக்கு வருகிறார்கள்.

2025 ஜனவரியில் வந்த சுற்றறிக்கை உங்களுக்குப் பொருந்தும். 2017 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வழங்கப்பட்ட, ஆதாரோடு இணைந்த யூ.ஏ.என். என்றால் மாற்றலுக்கு எந்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை. அதற்கு முந்தைய எண் என்றால், ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியாகக் கிடைத்த எல்லா உறுப்பினர் எண்களிலும் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்தச் சலுகை. உங்கள் எண் பழையது. ஆகவே பெயர் திருந்தினால் மற்றது தானாக நடக்கும். ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஒரு புள்ளி கூட மாறாமல். அதற்குக் கூட்டு உறுதிமொழி என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது, உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து கொடுப்பது. ஓசூர் நிறுவனம் இப்போது இயங்குகிறதா?

ஆரப்பாளையத்தான்
9 நவம்பர் 2025, இரவு 9.32

இயங்குகிறது. நான் இருந்தபோது இருந்தவர்கள் யாரும் இல்லை.

வாடிப்பட்டிக்காரர்
10 நவம்பர் 2025, காலை 7.15

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பழைய நிறுவனமே மூடிவிட்டது. பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. யாரிடம் கையெழுத்து வாங்குவது? அது போக, கடைசி ஏழு மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள், பாஸ்புக்கில் அந்த மாதங்கள் வெறுமையாக இருக்கின்றன.

செல்லூர்க் கணக்கர்
10 நவம்பர் 2025, காலை 7.50

மூடிய நிறுவனத்துக்குத் தனி வழி இருக்கிறது. கூட்டு உறுதிமொழியைத் தாளில் நிரப்பி, கெஜட்டட் அதிகாரி அல்லது நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி, சம்பளச் சீட்டு, பணி நியமனக் கடிதம் போன்ற ஆதாரங்களோடு பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கலாம்.

ஏழு மாதம் பிடித்துவிட்டுக் கட்டாமல் போனது குற்றம். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டியும் அதன் மேல் இழப்பீடும் உண்டு. பிடித்தம் காட்டிய ஏழு சம்பளச் சீட்டுகளும் உங்களிடம் இருக்கின்றனவா? இருந்தால் அவை தங்கம். நகலெடுத்து, பி.எஃப். குறைதீர் இணையதளத்தில் புகார் பதியுங்கள். உங்களோடு வேலை செய்தவர்களையும் பதியச் சொல்லுங்கள், ஒரே நிறுவனத்தின் மேல் பத்து புகார்கள் சேர்ந்தால் விசாரணைக்கு வலு கூடும். தொழிலாளியின் கூலியிலிருந்து எடுத்த பணம் அது. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மாதம் ஆலைக்குப் பணமுடை. மற்றக் கட்டணங்களை நிறுத்திவிட்டு பி.எஃப்.பை முதலில் கட்டச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றேன். கட்டினார்.

உசிலம்பட்டி மகள்
12 நவம்பர் 2025, இரவு 10.05

ஐயா, வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். பதினெட்டு வயதில் திருப்பூர் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை செய்தாள், 2019 முதல் 2022 வரை. முடியும்போது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். "எல்லாக் கணக்கும் இதோடு தீர்ந்தது" என்று சொன்னதால் பி.எஃப்.பும் அதில் அடக்கம் என்று நினைத்தோம். இப்போது கப்பலூரில் ஒரு தையல் நிறுவனத்தில் இருக்கிறாள். அங்கே புதிதாக ஒரு யூ.ஏ.என். எண் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் அவளுடைய பழைய தகரப் பெட்டியில் ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தது. அதில் வேறொரு பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. அதில் பணம் இருக்குமா?

செல்லூர்க் கணக்கர்
12 நவம்பர் 2025, இரவு 10.40

மகளே, அந்தச் சீட்டைப் பத்திரமாக வை. கட்டாயம் இருக்கும் என்று பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் அங்கேதான் தேட வேண்டும். ஆலை மொத்தமாகக் கொடுத்த தொகை வேறு, பி.எஃப். வேறு. பி.எஃப். ஆலையின் கையில் இருக்கும் பணம் இல்லை, அரசு நிறுவனத்தில் அவள் பெயரில் இருப்பது. அவளே எடுக்காதவரை அது அங்கேயேதான் இருக்கும். வேலையை விட்டுவிட்டாலும் 58 வயது வரை வட்டியும் சேரும்.

ஒருவருக்கு ஒரு யூ.ஏ.என்.தான் இருக்க வேண்டும். பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மாற்றல் கேட்டால் பணமும் பணிக்காலமும் வந்து சேரும், பழைய எண் செயலற்றுப் போகும். இரண்டுமே 2017 அக்டோபருக்குப் பிந்தையவை என்பதால், இரண்டிலும் அவளுடைய ஆதார் இணைந்திருந்தால் ஆலையின் கையெழுத்து தேவையே இல்லை. ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது?

உசிலம்பட்டி மகள்
12 நவம்பர் 2025, இரவு 10.52

ஆலைக்கு அழைத்துப்போன முகவரின் எண் ஐயா. அப்போது எங்கள் வீட்டில் கைபேசி இல்லை.

செல்லூர்க் கணக்கர்
12 நவம்பர் 2025, இரவு 11.05

நாளைக்கே ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய் அவளுடைய சொந்த எண்ணைப் பதிவு செய். மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான். வேறொருவர் கைக்கு ஓ.டி.பி. போகும் நிலையில் எந்த விண்ணப்பமும் போடக் கூடாது. இதில் ஒரு நாள் கூடத் தாமதம் வேண்டாம்.

எண் மாறி, யூ.ஏ.என்.னிலும் அதே எண் ஏறிய பிறகு, அந்தக் கைபேசியிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் குறுஞ்செய்தியாக வரும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் "நிதி ஆப்கே நிகட்" என்ற குறைதீர் முகாம் நடக்கும். இடத்தை விசாரித்துக்கொண்டு நேரில் போகலாம்.

மேலூர்ப் பாண்டியன்
13 நவம்பர் 2025, காலை 6.45

இந்த இழை முழுவதையும் படித்தேன். ஒரு கேள்வி. அவசரம் வந்தால் மாற்றிய பணத்தைத் தொடவே முடியாதா? பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் சேர்த்தால் 58 வரை காத்திருக்கச் சொல்வார்களா? சட்டம் எழுதுகிறவர்கள் கூலிக்காரன் வீட்டைப் பார்த்து எழுத வேண்டும்.

வில்லாபுரம்
13 நவம்பர் 2025, காலை 9.10

தொடலாம் அண்ணே. வேலையில் இருக்கும்போதே படிவம் 31 மூலம் முன்பணம் எடுக்கலாம். மருத்துவம், கல்வி, திருமணம், வீடு ஆகியவற்றுக்கு உண்டு. அது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். பணி ஆண்டுகளும் குறையாது. அதுதான் முக்கியம்.

முழுவதும் எடுப்பதற்கான கெடுவை நீட்டவும் சென்ற மாதம் 13ஆம் தேதி பி.எஃப்.பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்திருக்கிறது. வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு இரண்டு மாதமாக இருந்த காத்திருப்பு பன்னிரண்டு மாதமாகும். ஓய்வூதியத் தொகைக்கு முப்பத்தாறு மாதம். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வேலை இழந்தவருக்கு ஓராண்டு என்பது நீண்ட காலம்தான். ஆனால் திருநகர் அம்மாவுக்கு நடந்தது போல அவசரத்தில் ஓய்வூதியத்தை இழப்பதை அந்த முப்பத்தாறு மாதம் தடுக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மேலூர்ப் பாண்டியன்
13 நவம்பர் 2025, காலை 9.40

முன்பணம் எடுக்கலாம் என்று 2019இல் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் 10சியும் போட்டுத்தான் எடுத்தேன். எட்டு ஆண்டுகள்.

ஆரப்பாளையத்தான்
22 நவம்பர் 2025, இரவு 8.15

நடந்ததைச் சொல்கிறேன். வெளியேறிய தேதி இரண்டுக்கும் ஆன்லைனிலேயே போட்டுவிட்டேன், பத்து நிமிடம் கூட ஆகவில்லை. சென்னை நிறுவனம் பெயர்த் திருத்தத்துக்கு ஆன்லைனிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஓசூருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வராததால் நேரில் போனேன். மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் இறங்கி, ஒன்பது மணிக்கு வாசலில் நின்றேன். எச்.ஆர். அறையில் இருந்த பெண்ணுக்கு நான் வேலையை விட்டபோது பள்ளி வயது இருந்திருக்கும். என் பழைய அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் மீசை முளைக்காத முகம். அந்தப் பெண் கிடங்குக்குப் போய் 2012ஆம் ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டையே எடுத்து வந்துவிட்டார். துணி அட்டை போட்ட பெரிய பதிவேடு. என் வரியில் நீல மையில் இனிஷியலும் புள்ளியும். பக்கத்தில் என் கையெழுத்து, இப்போது போடுவது போல இல்லை, ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தேன். அவர் உறுதிமொழியில் முத்திரை வைத்துக் கொடுத்தபோது மணி பதினொன்றரை.

கப்பலூர் மனுவுக்கு முத்திரை வாங்கிவிட்டேன் ஐயா. முதலில் "உங்களுக்குப் பென்ஷன் வராது, சம்பளம் அதிகம்" என்றார்கள். பாஸ்புக் பக்கங்களைக் காட்டியதும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆரப்பாளையத்தான்
19 டிசம்பர் 2025, இரவு 7.30

மாற்றல் முடிந்துவிட்டது. பெயர் திருந்திய பிறகு மறுபடி விண்ணப்பித்தேன். இரண்டு கணக்குகளும் வந்துவிட்டன. ஆனால் ஒரு பெரிய கவலை. பாஸ்புக்கில் என் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சரியாக வந்திருக்கின்றன. ஓய்வூதியப் பத்தியில் மட்டும் பழைய பணம் எதுவும் வரவில்லை, பூஜ்யம்தான். ஒன்பது ஆண்டுப் பணம் எங்கே போயிற்று?

செல்லூர்க் கணக்கர்
19 டிசம்பர் 2025, இரவு 8.00

எங்கேயும் போகவில்லை, தம்பி. இந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள் தெரியுமா? பி.எஃப். என்பது உங்கள் பெயரில் உள்ள உண்டியல், இடம் மாறினால் காசும் கூடவே வரும். ஓய்வூதிய நிதி எல்லோருக்கும் பொதுவான குளம். அதில் விட்ட தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். உங்கள் பெயரில் மாறுவது ஆண்டுக் கணக்கு மட்டுமே. பாஸ்புக்கை மூடிவிட்டுப் பணி வரலாறு என்ற பக்கத்தைத் திறங்கள். மூன்று வரிகள் இருக்கின்றனவா?

மாற்றல் சான்றான அனெக்சர் கே தாளையும் உறுப்பினர் தளத்திலேயே எடுக்கலாம். அதை அச்செடுத்து, சொத்துப் பத்திரத்தோடு வையுங்கள்.

ஆரப்பாளையத்தான்
19 டிசம்பர் 2025, இரவு 8.20

மூன்று வரிகளும் இருக்கின்றன. ஓசூர், சென்னை, கப்பலூர். தேதிகள் எல்லாம் சரி. அனெக்சர் கேயில் பணிக்காலமும் இருக்கிறது. மனைவியிடம் காட்டினேன், அவள் விரல் வைத்து ஒவ்வொரு மாதமாக எண்ணிப் பார்த்தாள். கப்பலூர் நிறுவனம் அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டது, நகல் என்னிடம் உள்ளது. நவம்பர் மாதத்திலிருந்து 1,250 வரத் தொடங்கிவிட்டது. பழைய ஐந்து மாதம்தான் பாக்கி. அதற்காகத் திங்கட்கிழமை சொக்கிகுளம் அலுவலகத்துக்குப் போகிறேன். நகைக் கடனைச் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் குறைத்துக்கொள்வதாக மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

உசிலம்பட்டி மகள்
20 டிசம்பர் 2025, காலை 6.30

ஐயா, ஆதாரில் தங்கையின் எண் ஏறிவிட்டது. பழைய எண்ணைத் திறந்தோம். 41,300 ரூபாய் இருக்கிறது. திரையைப் பார்த்து அம்மா முதலில் நம்பவில்லை. ஆனால் அதில் அவளுடைய பிறந்த ஆண்டைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள், ஆலையில் சேர்ந்தபோது பதினெட்டுக்குப் பதிலாக இருபது வயது என்று வருகிறது. இந்த மாத முகாமுக்குப் போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

செல்லூர்க் கணக்கர்
20 டிசம்பர் 2025, காலை 6.50

ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அந்தப் பழைய சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். அசலைக் காட்டு, கையை விட்டுக் கொடுக்காதே. தங்கையையே பேசச் சொல், மகளே, அவள் பணம் அது. முடிந்ததும் இங்கே வந்து எழுது, காத்திருப்பேன்.